நேர்த்திக்கடனும் கப்பல் கடனும்

கேள்வி: நான்காவது சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்கள் ஜெருசலேமுக்குப் போகாமல், கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்தார்கள் என்று எங்கள் பாடத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. காரணம் சொல்லவில்லை. விளக்குவீர்களா ஐயா?
(கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: கடன்தான் அம்மா.

என் அப்பாவுக்குக் காசிமேட்டில் ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. புது வலை வாங்க ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். அதிலிருந்து பிடித்த மீனெல்லாம் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே. எத்தனை நாள் கடலில் தங்குவது என்பதைக்கூட மெல்ல மெல்ல அவரே சொல்ல ஆரம்பித்தார். அப்பா வாதாடிப் பார்த்து நான் பார்த்ததில்லை. பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தினேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் அப்பா முகம்தான் வந்து நிற்கும்.

முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஜெருசலேமை மீட்கக் கிளம்பியதுதான் சிலுவைப் போர். 1201-ல் அதன் தலைவர்களின் தூதர்கள் இத்தாலியின் துறைமுக நகரமான வெனிஸ் போய்க் கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 33,500 ஆட்கள், 4,500 குதிரைகள். ஆளுக்கு 2 மார்க், குதிரைக்கு 4 மார்க். மார்க் என்பது அன்று வெள்ளியின் எடை அளவு. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், 85,000 வெள்ளி மார்க் வரும். வெனிஸ் நகரம் தன் வணிகத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கப்பல் கட்டியது. 1202 கோடையில் வந்து சேர்ந்தவர்களோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பிரபுக்கள் பொன், வெள்ளிப் பாத்திரங்களைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படியும் 34,000 மார்க் குறைந்தது.

வெனிஸின் தலைவர் என்ரிகோ தாந்தோலோ பார்வை இழந்த முதியவர். கடனைப் பிறகு தீர்க்கலாம், போகிற வழியில் ஜாராவைப் பிடித்துக் கொடுங்கள் என்றார். இன்று குரோவேஷியாவில் ஜாதர் என்று இருக்கும் அந்தத் துறைமுகம் அப்போது வெனிஸின் பிடியிலிருந்து விலகி ஹங்கேரி அரசரிடம் போயிருந்தது. அவரும் சிலுவைப் போருக்கு வருவதாக நேர்ந்துகொண்டவர். போப் மூன்றாம் இன்னொசென்ட் கூடாது என்று கடிதம் எழுதினார். ஊர் மக்கள் மதில்மேல் சிலுவைகளைத் தொங்கவிட்டுக் காட்டினார்கள். 1202 நவம்பரில் ஊர் விழுந்தது.

சைமன் த மோன்ஃபோர் என்பவரும் இன்னும் சிலரும் இதற்கு உடன்படாமல் படையை விட்டு விலகினார்கள். பாடத்தில் இடமே கிடைக்காதவர்கள் இவர்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

அப்புறம் கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் இளவரசன் அலெக்சியஸ் வந்தான். பதவி இழந்த என் அப்பாவை மறுபடி அரியணையில் ஏற்றுங்கள், 2,00,000 மார்க் தருகிறேன் என்றான். கடனில் இருப்பவனுக்கு இந்த மாதிரி வாக்கு எப்படிக் காதில் விழும்! 1203-ல் ஏற்றிவைத்தார்கள். அவனால் பாதிக்கு மேல் கொடுக்க முடியவில்லை. 1204 தொடக்கத்தில் அவனையே கொன்று வேறொருவர் ஆட்சியைப் பிடித்தார். ஏப்ரலில் படை நகருக்குள் புகுந்து மூன்று நாள் கொள்ளையடித்தது. ஹேகியா சோஃபியா தேவாலயத்தையும் விடவில்லை. ஜெருசலேமை ஆண்ட சுல்தானின் படையோடு இவர்களில் பெரும்பாலோர் மோதவே இல்லை.

1261-ல் பைசாந்தியக் கிரேக்கர்கள் நகரை மீட்டார்கள். ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. 2001-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஏதென்ஸ் போனபோது, கிட்டத்தட்ட 800 வருடம் கழித்து, இந்தக் கொள்ளைக்காக வருந்திப் பேசினார்.

கேள்வி: அப்படியானால் மதம் வெறும் சாக்கு, எல்லாம் பணத்துக்காகத்தானே?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: இல்லை. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1095-ல் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் முதல் சிலுவைப் போருக்கு அழைத்ததும் துணிச் சிலுவையைத் தோளில் தைத்துக்கொண்டு கிளம்பியவர்களில் பலர் சொத்தை இழந்துதான் போனார்கள். நார்மண்டியின் கோமகன் ராபர்ட் தன் நாட்டையே தம்பியிடம் 10,000 மார்க்குக்கு அடமானம் வைத்தார். பணம் சம்பாதிக்கிறவன் செய்கிற வேலையா இது?

ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, செருப்பில்லாமல், நம் பக்கத்திலிருந்து பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடையது நேர்த்திக்கடன். அன்று கிளம்பியவர்கள் மனதிலும் பாவம் தீர வேண்டும் என்ற அந்த ஏக்கம் உண்மையாகவே இருந்தது. என் வருத்தமே அதுதான். அந்த உண்மையான ஏக்கத்தின் கையில் வாளைக் கொடுத்தார்கள். 1096-ல் ஜெருசலேம் பக்கம் போவதற்கு முன்பே, ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதக் குடும்பங்களை வெட்டினார்கள். அந்த யூதர்கள் எந்தப் புனித பூமியையும் பிடித்து வைத்திருக்கவில்லை. அதே ஊர்களில் காலங்காலமாகக் குடியிருந்தவர்கள்.

கேள்வி: கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து வெண்கலக் குதிரைகளை எடுத்துப் போனார்களாமே, அவை இப்போது எங்கே ஐயா?
(எட்டாம் வகுப்பு மாணவன், ராயபுரம்)

பதில்: வெனிஸில், புனித மாற்கு பேராலயத்துக்குள் இருக்கின்றன தம்பி. மொத்தம் நான்கு. வெளியே முகப்பில் நிற்பவை நகல்கள். நடுவில் 1797-ல் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1815-ல் திருப்பிக் கொடுத்தார்கள். வெனிஸுக்குத்தான்.