முடிச்சுத் தையலுக்குத் தடையா?

கேள்வி: பழைய சீனப் பட்டில் கடுகு கடுகாக முடிச்சுப் போட்டே பூ முழுக்க நிரப்பியிருக்கிறார்கள். இதைத் தைத்தவர்களுக்குக் கண் போனதால் அரசர் தடை போட்டார் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நல்ல கதை, ஆனால் ஆதாரம் கிடையாது. ‘தடை செய்யப்பட்ட தையல்’ என்பது மேல்நாட்டுப் பழம்பொருள் வியாபாரிகளிடம் புழங்கும் பெயர். சீனாவில் இது ‘தாட்ஸி’, அதாவது விதை போடுவது. சிங் வம்சத்துக் காலத்து (1644–1911) சட்டைக் கைப்பட்டைகளிலும் சுருக்குப்பைகளிலும் இது தாராளமாகக் கிடைக்கிறது, தடை போட்டிருந்தால் இவ்வளவு எப்படி மிஞ்சும்?

செய்முறை நம் எம்பிராய்டரி வகுப்பில் சொல்லித்தரும் ‘பிரெஞ்சு நாட்’ (French knot) முடிச்சுக்கு உறவுதான். துணிக்கு மேலே வந்த நூலை ஊசியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்தை ஒட்டியே கீழே இறக்கி இழுக்க வேண்டும். கொஞ்சம் தளர்வாக விட்டால் நடுவில் குழியோடு குட்டி வளையம் மாதிரி நிற்கும். இப்படி வரிசை வரிசையாக, இதழின் ஓரத்தில் வெளிர்நீலம், உள்ளே போகப் போகக் கருநீலம். பொறுமை என்றால் அது!

அப்புறம், நூலைப் பக்கம் பக்கமாக நீட்டிப் போட்டு நிரப்பும் சாட்டின் தையலின் நீள இழைகள் எதிலாவது மாட்டிப் பிரிந்துவிடும். முடிச்சு அப்படியில்லை, அழுந்திக் கிடக்கும். தினமும் தேயும் சுருக்குப்பைக்கு இதைத் தேர்ந்தெடுத்தது சும்மா அழகுக்காக மட்டும் இருக்காது.