ஐரிஸ் இலையில் கத்தரி வைக்கும் முன்

கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் வீட்டுத் தோட்டங்களில் தாடி ஐரிஸ் (கீழிதழில் தாடிபோல் மயிர் உள்ள பூச்செடி) வளர்ப்பவர்களின் கேள்விகள் இவை. காலக்கணக்கும் அந்தக் குளிருக்கு உரியது.

ஜூனில் பூத்து முடிந்துவிட்டது. இலைகளை இப்போதே ஒட்ட வெட்டலாமா?

கூடாது. பூத்தண்டை மட்டும் கிழங்கை ஒட்டி அறுத்துவிடுங்கள். விட்டால் விதைக்காய் கட்டிச் சத்தை இழுக்கும். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கவாட்டில், இஞ்சி கிளைப்பதுபோல், கிளைக்கும் புதுக் கிழங்குகள்தான் பூக்கும். அவற்றைப் பருக்க வைப்பது அடுத்த ஆறு முதல் எட்டு வாரம் வெயில் வாங்கும் பச்சை இலை. அழகுக்காக அதை வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூ குறையும்.

இலையில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. என்ன செய்வது?

இலைப்புள்ளிப் பூஞ்சணம். நுனி மட்டும் கெட்டிருந்தால் அதுவரை வெட்டுங்கள். பாதிக்கு மேல் பரவியிருந்தால் முழு இலையும் போகட்டும். ஈரமில்லாத நாளில் வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

பிரித்து நடும்போது இலையை விசிறிபோல் வெட்டுவது எதற்கு?

வேர் அறுபட்ட செடியால் அத்தனை இலைக்கும் தண்ணீர் தர முடியாது. நீண்ட இலை காற்றில் ஆடி, ஊன்றாத கிழங்கையும் அசைத்துவிடும். 15 செ.மீ. விட்டு வெட்டினால் போதும். சாய்த்து வெட்டுவது பார்வைக்குத்தான். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட் முடிவதற்குள் பிரித்து நடுங்கள். கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

குளிருக்கு முன் கட்டாயம் வெட்ட வேண்டுமா?

ஆம், இதை மட்டும் தவறவிடாதீர்கள். ஐரிஸ் துளைப்பான் என்ற அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் முட்டையிடுவது பழைய இலையிலும் காய்ந்த தண்டிலும்தான். ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் பொரிக்கும் புழு இலைக்குள் புகுந்து, கோடையில் கிழங்குக்கு இறங்கிக் குடைந்துவிடும். அந்தத் துளை வழியே பாக்டீரியா நுழைந்தால் கிழங்கு கூழாகி நாறும். மருந்து அடிப்பதைவிட முட்டை கிடக்கும் இலையை அப்புறப்படுத்துவதே நல்ல வழி.

கடும் உறைபனி விழுந்து இலை துவண்டதும் 10–15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். கிழங்கைச் சுற்றி ஒட்டியிருக்கும் காய்ந்த சருகையும் கையால் உரித்தெடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். எல்லாம் குப்பைக்குப் போகட்டும், உரக்குழிக்கு வேண்டாம்.

அப்படியும் மே மாதத்தில் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிக்குத்துத் துளையும், அதிலிருந்து கீழ்நோக்கி நீர் கோத்த கோடும் தெரிந்தால் புழு உள்ளே இருக்கிறது. கோடு முடியும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி நசுக்குங்கள்.

சைபீரிய ஐரிஸுக்கும் இதேதானா?

இலை முழுதும் பழுத்த பிறகு தரையிலிருந்து 3–5 செ.மீ. விட்டு அறுத்துவிடலாம். வெங்காயம்போல் குமிழ் வைக்கும் டச்சு ஐரிஸில் மட்டும், இலை தானாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்வரை தொடாதீர்கள்.