கேளுங்க சொல்றேன்: காபி கப்புல 41 நட்சத்திரம்

போன இதழ்ல விமானம் தாங்கிக் கப்பல் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், ஒரு கப்பலுக்குள்ள ஒரு சின்ன ஊரே இருக்கும்னு. அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்துட்டு இந்த வாரம் வேற எதையும் தொட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அதுலயும் முதல் கேள்வி ஒரு பொடியன் எண்ணிக் கண்டுபிடிச்ச விஷயம்.

கேள்வி: எங்க அண்ணன் மகன் அமெரிக்காவுல நார்ஃபோக்ல வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தப்ப ஒரு காபி கப் கொண்டு வந்தான். அதுல வட்டமா ஒரு முத்திரை, நடுவுல பெரிய கப்பல், மேல மூணு விமானம், கூடவே 'ஃப்ரீடம் அட் வொர்க்'னு எழுத்து. என் பையன் உட்கார்ந்து நட்சத்திரத்தை எல்லாம் எண்ணிட்டு 41 இருக்குங்கிறான். அமெரிக்கக் கொடியில 50 தானே, இது என்ன 41? - ஒரு வாசகி, திருநெல்வேலி

பையனுக்கு முதல்ல ஒரு முட்டாய் வாங்கிக் கொடுங்கம்மா, சரியாத்தான் எண்ணியிருக்கான். அது யு.எஸ்.எஸ். ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்ங்கிற கப்பலோட முத்திரை, கப்பல் நம்பர் சி.வி.என். 77. அந்த புஷ் அமெரிக்காவோட 41வது ஜனாதிபதி, அதான் 41 நட்சத்திரம். ஈராக் போர் நடத்துன மகன் புஷ்ஷை நெனச்சுக்காதீங்க, இவர் அவங்க அப்பா, 1989லேர்ந்து 1993 வரைக்கும் பதவியில இருந்தவர்.

அமெரிக்க நேவில ஒவ்வொரு கப்பலுக்கும் இப்படி ஒரு முத்திரை உண்டு. இந்தக் கப்பலோடதுல தொடுவானத்துல வெளிச்சக் கதிர் கிளம்பி வர்ற மாதிரி போட்டிருப்பாங்க, நல்லா பார்த்தா தெரியும். 'ஆயிரம் ஒளிப்புள்ளிகள்'னு புஷ் அடிக்கடி சொல்வார், ஊர் ஊரா தன்னால முடிஞ்ச உதவியை அடுத்தவங்களுக்குச் செய்ற சாதாரண ஜனங்களைத்தான் அப்படி வானத்துல சிதறிக் கிடக்குற வெளிச்சமா சொன்னார், அதைத்தான் கதிரா வரைஞ்சிருக்காங்க. 'ஃப்ரீடம் அட் வொர்க்'ங்கிற அந்த வாசகமும் 1989ல அவர் பதவி ஏத்துக்கிட்டப்ப சுதந்திரத்தைப் பத்திப் பேசின பேச்சுலேர்ந்து எடுத்ததுதான். சுதந்திரம்ங்கிறது சும்மா கொள்கை இல்ல, இறங்கி வேலை செய்ற ஒரு விஷயம்ங்கிற மாதிரி அர்த்தம்.

ஆனா நீங்க கேட்காம விட்ட விஷயம் அந்த மூணு விமானம். என்னைக் கேட்டா அந்த முத்திரையோட உயிரே அதுலதான் இருக்கு. அதுக்கு கீழ வர்றேன், நடுவுல தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் கேட்டதுக்குப் பதில் சொன்னாத்தான் அது புரியும்.

கேள்வி: நான் மெர்ச்சன்ட் நேவில 22 வருஷம் ஓடினவன் சார். அரசியல்வாதி பேரை கப்பலுக்கு வைக்கிறது எனக்கு எப்பவுமே பிடிக்காது. இந்த புஷ் கடலையாவது பார்த்திருக்காரா? - ஒரு வாசகர், தூத்துக்குடி

கோபம் நியாயமானதுதான், ஆனா இந்த ஆள் விஷயத்துல கொஞ்சம் பொறுங்க சார்.

1941 டிசம்பர் 7ல பேர்ல் ஹார்பர்ங்கிற அமெரிக்க நேவி தளத்துல ஜப்பான் குண்டு போட்டப்ப அவருக்கு 17 வயசு, பள்ளிக்கூடப் பையன். பணக்கார வீடு, காலேஜ் போயிட்டு அப்புறம் பட்டாளத்துல சேரலாம்னு பெரியவங்க புத்தி சொல்லியும் கேட்காம 1942 ஜூன் 12, சரியா 18வது பிறந்தநாள் அன்னிக்கே நேவில பேர் கொடுத்துட்டார். சேர்ந்தது ஆபீசராவும் இல்ல, சீமேன் செகண்ட் கிளாஸ், அடிமட்டம். அப்புறம் பைலட் ட்ரெய்னிங், 1943 ஜூன் 9ல டெக்சாஸ்ல கார்பஸ் கிறிஸ்டிங்கிற ஊர்ல ட்ரெய்னிங் முடிச்சு என்சைன், அதாவது நேவில ஆரம்ப நிலை ஆபீசர் ஆனார், அப்ப 19 முடிய இன்னும் 3 நாள் பாக்கி. அன்னிக்கு நேவில இருந்த பைலட்டுகள்லயே ரொம்பச் சின்னப் பசங்கள்ல ஒருத்தர்.

அவர் போய்ச் சேர்ந்த கப்பல் பேரு சான் ஜாசின்டோ. அது ஒழுங்கா விமானம் தாங்கிக் கப்பலா பிளான் பண்ணிக் கட்டுனது கூட இல்ல, க்ரூசர் கப்பலுக்கான அடி உடம்பு மேல டெக் போட்டு அவசரத்துக்கு மாத்துனது, மொத்த நீளமே 622 அடி. இப்ப அவர் பேர்ல ஓடுற கப்பல் 1,092 அடி. நீங்க கடல்ல இருந்தவர், அலை தூக்கும்போது அந்த ஒல்லி டெக் எப்படி ஆடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, அதுல 126 தடவை விமானத்தை எறக்கியிருக்கார்.

ஓட்டுனது அவெஞ்சர்ங்கிற விமானம், தண்ணிக்குள்ள பாயுற டார்பிடோ குண்டைப் போடுறது, 3 பேர் போறது. முன்னாடி பைலட், மேல சுழல்ற கூண்டுக்குள்ள ஒரு கன்னர், கீழ வயித்துக்குள்ள ஒரு ரேடியோக்காரர். தான் கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணு பேரை, பார்பரான்னு, விமானத்துல எழுதி வச்சிருந்தார்.

ரெண்டு தடவை கடல்ல விழுந்தார் சார். முதல் தடவை 1944 ஜூன்ல, பிலிப்பைன் கடல் சண்டை நடந்த சமயம், விமானத்தைத் தண்ணி மேலயே எறக்க வேண்டியதாப் போச்சு, மூணு பேரும் தப்பிச்சாங்க, ஒரு டெஸ்ட்ராயர் கப்பல் வந்து தூக்கிடுச்சு. ரெண்டாவது தடவை செப்டம்பர் 2. ஜப்பானுக்குத் தெக்க சிச்சிஜிமான்னு ஒரு சின்னத் தீவு, அங்க இருந்த ரேடியோ ஸ்டேஷனைத் தாக்கப் போனாங்க, கீழேர்ந்து சுட்டதுல இன்ஜின் தீப்பிடிச்சிடுச்சு, காக்பிட்டுக்குள்ள புகை வருது, ஆனாலும் திரும்பாம குண்டைப் போட்டுட்டு அப்புறம்தான் கடல் பக்கம் திருப்பினார், கூட இருந்தவங்களைக் குதிங்கன்னு சொல்லிட்டு தானும் குதிச்சார், குதிக்கும்போது தலை விமானத்தோட வால்ல அடிச்சு பாராசூட்டும் கிழிஞ்சுது. மஞ்சள் ரப்பர் படகுல ஏறிட்டார், ஆனா நீரோட்டம் அவரை அந்தத் தீவுப் பக்கமே இழுக்குது, கையாலயே துடுப்புப் போட்டு எதிர்ப்பக்கம் போறார், மேல மத்த விமானங்க சுத்திக்கிட்டு பிடிக்க வந்த படகுகளைச் சுட்டு விரட்டுது. கிட்டத்தட்ட 4 மணி நேரம் கழிச்சு ஃபின்பேக்ங்கிற நீர்மூழ்கிக் கப்பல் எழும்பி வந்து ஏத்திக்கிச்சு. அந்தத் தீவுல மாட்டுன மத்த அமெரிக்க விமானிங்க பல பேரைக் கொன்னுட்டாங்க, போர் முடிஞ்சப்புறம் அதுக்காக ஜப்பான் ஆபீசர்களை குவாம்ங்கிற தீவுல விசாரிச்சு தூக்குலயும் போட்டாங்க. அந்தப் படகு கரை ஒதுங்கியிருந்தா 41வது ஜனாதிபதி வேற யாரோ.

ஏத்திக்கிட்ட நீர்மூழ்கியும் உடனே துறைமுகத்துக்குத் திரும்பல, அதுக்கு அதோட ரோந்து வேலை இருக்கு, இவர் ஒரு மாசம் அதுக்குள்ளேயே கிடந்தார். அதுக்கப்புறம் நேரா வீட்டுக்குப் போயிருக்கலாம், போகல, நவம்பர்ல மறுபடி சான் ஜாசின்டோவுக்கே போய் பிலிப்பைன்ஸ் சண்டையில பறந்தார். மொத்தம் 58 தாக்குதல் பயணம், 1,228 மணி நேரம் பறந்த கணக்கு, டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் பதக்கம். 1945 ஜனவரி 6ல பார்பராவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, மிச்ச சர்வீஸை நார்ஃபோக்ல புதுப் பைலட்டுகளோட ஓட்டிட்டு, போர் முடிஞ்சு செப்டம்பர்ல வெளிய வந்தார். மூணு வருஷத்துக்குச் சொச்சம் மேல, அவ்வளவுதான் அவரோட நேவி வாழ்க்கை. உங்க 22 வருஷத்துக்கு முன்னாடி அது கொஞ்சம்தான், ஆனா கடலைப் பார்த்திருக்காரான்னு கேட்டீங்களே, ரொம்பக் கிட்டத்துல பார்த்திருக்கார் சார்.

கேள்வி: அந்த முத்திரையை நெட்ல தேடிப் பார்த்தேன். 2009ல வந்த கப்பல், அதுல ஏன் ரெண்டாம் உலகப் போர் விமானம்? கூட எஃப்-35சிங்கிற புது ஜெட்டும் இருக்கு, அது அப்ப வரவே இல்லியே? - ஒரு இன்ஜினியரிங் மாணவர், கோயம்புத்தூர்

சரியான இடத்துல கை வச்சீங்க தம்பி. 2009 ஜனவரி 10ல கப்பல் நேவில சேர்ந்தப்ப எஃப்-35சி ஒரு தடவை கூடப் பறக்கல, அது முதல்ல பறந்ததே 2010 ஜூன்லதான், விமானம் தாங்கிக் கப்பல்ல முதல் லேண்டிங் 2014 நவம்பர்ல. அதைத் தெரிஞ்சேதான் போட்டிருக்காங்க. மூணு விமானத்தையும் வரிசையாப் பாருங்க. அவெஞ்சர், அது 20 வயசு புஷ் ஓட்டுனது. அடுத்தது எஃப்/ஏ-18 ஹார்னெட், கப்பல் பொறந்த அன்னிக்கு டெக்ல நின்னது. மூணாவது எஃப்-35சி, வரப்போறது. இந்த மாதிரி கப்பல் ஏறக்குறைய 50 வருஷம் ஓடணும்னு கட்டுறது, அன்னிக்கு இருக்குறதை மட்டும் வரைஞ்சா முத்திரை பத்து வருஷத்துல பழசாயிடும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, அங்க வெள்ளை மாளிகையையோ ஜனாதிபதி நாற்காலியையோ போய்த் தேடல, ஒரு சின்னப் பையன் ஓட்டுன பழைய விமானத்தைத்தான் முதல் ஆளா நிறுத்தியிருக்காங்க. நட்சத்திரம் அவரோட பதவிக்கு, விமானம் அவருக்கு, நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இன்னொன்னும் சொல்லிடறேன். 2018 நவம்பர் 30ல அவர் இறந்தார், டிசம்பர்ல டெக்சாஸ்ல அடக்கம் பண்ணினப்ப நேவி 21 ஜெட்டை மேல பறக்க விட்டுச்சு. எல்லாம் எஃப்/ஏ-18 குடும்பம், அந்த முத்திரையில நடுவுல இருக்குற விமானத்தோட வாரிசுங்க.

கேள்வி: இந்த அளவு கப்பல் நம்ம சென்னைக்கு வந்திருக்கா? - ஒரு வாசகர், ராயபுரம்

வந்திருக்கு. 2007 ஜூலைல யு.எஸ்.எஸ். நிமிட்ஸ் வந்துச்சு, உள்ள வராம வெளிய கடல்லயே நங்கூரம் போட்டு நின்னுச்சு, மாலுமிங்க படகுல கரைக்கு வந்தாங்க. அணு உலை வச்சு ஓடுற கப்பல்னு அப்ப நிறைய எதிர்ப்பும் கிளம்புச்சு. ஒரே டிசைன்ல கட்டுன 10 கப்பல்ல மூத்தது அந்த நிமிட்ஸ், கடைக்குட்டி இந்த புஷ்.

கேள்வி: நம்ம விக்ராந்த் கப்பலுக்கும் இப்படி வாசகம் உண்டா? - ஒரு வாசகி, காரைக்கால்

உண்டு. ரிக் வேதத்துலேர்ந்து எடுத்தது, 'ஜயேம ஸம் யுதி ஸ்ப்ருத:', என்னோட மோத வர்றவங்களைப் போர்ல ஜெயிப்பேன்ங்கிற பொருள். 1961ல நேவில சேர்ந்த பழைய விக்ராந்துக்கும் இதேதான், 2022ல கொச்சியில கட்டிச் சேர்த்த புதுசுக்கும் இதேதான். கப்பல் உடைஞ்சு இரும்பாப் போனாலும் பேரும் வாசகமும் அடுத்த கப்பல்ல ஏறிடுச்சு. புது விக்ராந்த் நேவில சேர்ந்த தேதி செப்டம்பர் 2. புஷ் சுடப்பட்ட அதே தேதி, இதை எழுதும்போதுதான் கவனிச்சேன்.

கேள்வி: நீங்க போன்ல இந்தக் கதையைச் சொன்னப்ப கேட்கணும்னு நெனச்சு விட்டுட்டேன். குதிங்கன்னு சொன்னாரே, கூட இருந்த அந்த ரெண்டு பேர் என்ன ஆனாங்க? - என் பழைய சிநேகிதர், நாகர்கோவில்

ரெண்டு பேருமே திரும்பல. ரேடியோக்காரர் ஜான் டெலேனி, இன்னொருத்தர் வில்லியம் வைட். இந்த வைட் வழக்கமா அந்த விமானத்துல போற ஆளே இல்ல, ஸ்குவாட்ரன்ல ஆயுதங்களைப் பார்த்துக்கிற ஆபீசர், நானும் ஒரு தடவை வர்றேனேன்னு அன்னிக்குக் கேட்டு ஏறினவர். ரெண்டுல ஒருத்தர் குதிச்சது தெரிஞ்சுது, பாராசூட் விரியல. இன்னொருத்தர் விமானத்தோடயே போயிட்டார். குதிச்சது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்ல.

புஷ்ஷுக்கு இது ஆறவே இல்ல. நான் மட்டும் ஏன் பிழைச்சேன்ங்கிற கேள்வியை அவர் ஜனாதிபதி ஆனப்புறமும், பதவி போனப்புறமும், பேட்டி கொடுக்கும்போதெல்லாம் சொல்லியிருக்கார், அவங்க ரெண்டு பேரையும் நெனைக்காம இருக்க முடியலன்னும் சொல்லியிருக்கார். வயசான காலத்துல அந்தத் தீவுக்கே திரும்பப் போய்ப் பார்த்தார். 75, 80, 85, 90 பிறந்தநாளுக்கெல்லாம் பாராசூட்ல குதிச்சாரே, 90ல சக்கர நாற்காலியில இருந்த மனுஷன், ஜனங்க அதைத் துணிச்சல்னு கைதட்டினாங்க, எனக்கென்னவோ அந்த 1944 குதியை அவர் மனசுக்குள்ள இன்னும் முடிக்கலன்னுதான் தோணும்.

கப்பலைச் சேர்த்த அன்னிக்கு நார்ஃபோக்ல, 1945ல அவர் வேலை பார்த்த அதே ஊர்ல, 84 வயசுல மேடையில உட்கார்ந்திருந்தார். மகன் அப்ப ஜனாதிபதி, பதவி முடிய 10 நாள்தான் பாக்கி. கப்பலோட முதல் காவல் முறையை அப்பா தொடங்கி வச்சார், அவரோட மகள் டோரோ கப்பலுக்கு உயிர் கொடுங்கன்னு உத்தரவு கொடுத்தாங்க, மாலுமிங்க ஏறினாங்க. அப்ப மேல ஒரு பழைய அவெஞ்சர் பறந்து போச்சு.

திருநெல்வேலி அம்மா, உங்க பையனுக்கு எண்ணுறது பிடிக்கும்னு தெரியுது. அந்தக் கப்புல இருக்குற பழைய விமானத்துல எத்தனை சீட்டுன்னு கேளுங்க. மூணுன்னு சொல்லிட்டு, டெலேனி பேரையும் வைட் பேரையும் அவனுக்குச் சொல்லுங்க.