"ரெஸ்டோரேஷன் இல்லை" என்று ஏலத்தில் எடுத்த பழைய காமிக்ஸ்: கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். பழைய அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்கள் ஏலத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்பதைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் குறித்து வைத்து வருகிறேன். மூன்று ஆண்டுகள் நான்கு மாதங்களுக்கு முன் ஓர் இணைய ஏலத்தில், 1960களின் தொடக்கத்தில் வெளிவந்த இதழ் ஒன்றை 9,000 டாலருக்குக் கேட்டு எடுத்தேன். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கூடுதலாக வாங்கும் கட்டணமான பையர்ஸ் பிரீமியம் 20 விழுக்காடு சேர்த்து 10,800 டாலர் கட்டினேன். ஏலப் பட்டியலில் "கிரேடு 6.0, ரெஸ்டோரேஷன் இல்லை, மதிப்பீடு 10,000 முதல் 12,000 டாலர்" என்று இருந்தது. கிரேடு என்பது இதழின் நிலைக்குத் தரும் எண்; ரெஸ்டோரேஷன் என்பது பழைய இதழை மேலான நிலையில் காட்டச் செய்யும் திருத்த வேலை. அது ஸ்லாப் செய்யப்படாத பிரதி, அதாவது கிரேடிங் நிறுவனம் பரிசோதித்துப் பிளாஸ்டிக் உறையில் மூடித் தராதது. சென்ற மாதம் அதைச் சி.ஜி.சி. என்ற கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினேன், ரெஸ்டோரேஷன் செய்யப்பட்டது என்று காட்டும் ஊதா லேபிளோடு திரும்பி வந்தது. முதுகோரத்தில் கறுப்பு மை தொட்டிருக்கிறார்கள், வலது ஓரத்தை நறுக்கியிருக்கிறார்கள். ஏல நிறுவனத்தைக் கேட்டால், "உள்ளது உள்ளபடி விற்றோம், புகார் சொல்ல 14 நாள்தான் அவகாசம்" என்கிறார்கள். நான் குறித்து வைத்திருக்கும் விலைகளைக் கொண்டு வழக்குப் போட முடியுமா? கடைசி நிமிடத்தில் என்னோடு போட்டி போட்டு விலையை ஏற்றியவர் விற்றவரின் ஆளாக இருப்பாரோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

பதில்: உங்களுக்கு வழக்குரிமை இருக்கிறது. அந்த உரிமையைத் தருவது ஏலப் பட்டியலில் இருந்த "ரெஸ்டோரேஷன் இல்லை" என்ற இரண்டு சொற்கள். பத்தாண்டு விலைக் குறிப்புகளும் வீண்போகவில்லை. அவற்றின் வேலை, உங்களுக்கு எவ்வளவு இழப்பு என்று அளந்து காட்டுவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "இத்தனை டாலர் போகும் என்று நம்பி வாங்கினேன், இப்போது போகாது என்கிறார்கள்" என்று வழக்கைத் தொடங்கினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் விசாரணையிலேயே அதைத் தள்ளுபடி செய்யக் கேட்பார்; அப்படிக் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

லூசியானா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் பொருள் விற்பனைக்குப் பொருந்துவது யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் எனப்படும் வணிகச் சட்டத் தொகுப்பின் இரண்டாம் பகுதி. அதன் 2-313ஆம் பிரிவின்படி, விற்பவர் பொருளைப் பற்றி உறுதியாகச் சொல்லும் ஒரு செய்தியோ, தரும் விவரிப்போ பேரத்தின் அடிப்படையாக அமைந்தால், பொருள் அப்படியே இருக்கும் என்ற வெளிப்படையான உத்தரவாதம் தானாகவே உருவாகிவிடுகிறது. "உத்தரவாதம்" என்ற சொல்லை விற்பவர் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. அதே பிரிவு, பொருளின் மதிப்பைப் பற்றி மட்டும் சொல்வதும், விற்பவரின் வெறும் அபிப்பிராயமும் உத்தரவாதம் ஆகாது என்றும் சொல்கிறது. இந்த அளவுகோலை உங்கள் பட்டியலில் வைத்துப் பாருங்கள். "மதிப்பீடு 10,000 முதல் 12,000 டாலர்" என்பது மதிப்பைப் பற்றிய பேச்சு; அதை வைத்து வழக்கு நிற்காது. "கிரேடு 6.0" என்பது, 0.5 முதல் 10.0 வரை போகும் ஓர் அளவில் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்வது. மற்றொருவர் அதே இதழுக்கு 5.5 தரலாம், ஆகவே அது அபிப்பிராயம் என்று வாதிட இடமுண்டு. "ரெஸ்டோரேஷன் இல்லை" என்பது அப்படிப்பட்டதல்ல. மை தொட்டிருக்கிறதா இல்லையா, ஓரம் நறுக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதில் பார்வைக்குப் பார்வை மாறுவதற்கு எதுவும் இல்லை. உங்கள் மனுவில் இந்த ஒன்றை மட்டும் அழுத்திப் பிடியுங்கள். கிரேடைப் பற்றிய குறைகளை அதோடு சேர்த்து வழக்கின் கூர்மையைக் குறைத்துவிடாதீர்கள்.

"உள்ளது உள்ளபடி" என்ற வாசகத்தைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்து வழக்கையே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவ்வளவு வலிமை இல்லை. 2-316ஆம் பிரிவின்படி அந்த வாசகம் நீக்குவது, சட்டம் தானாகச் சேர்க்கும் மறைமுக உத்தரவாதங்களை மட்டுமே. வெளிப்படையாக ஓர் உத்தரவாதத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு பொது வாசகத்தால் அதைப் பறிக்க முயன்றால், இரண்டையும் இசைந்து வாசிக்க முடியாத அளவுக்கு அந்தப் பறிப்பு வாசகம் செல்லாமல் போகும்.

உங்கள் வழக்கின் பலவீனமான இடம் 14 நாள் அவகாசம்தான். குறையைக் கண்டுபிடித்தபின், அல்லது கண்டுபிடித்திருக்க வேண்டிய காலத்துக்குப்பின், நியாயமான நேரத்துக்குள் விற்றவருக்கு அறிவிக்காத வாங்குபவருக்குப் பரிகாரம் கிடையாது என்று 2-607ஆம் பிரிவு சொல்கிறது. அந்த "நியாயமான நேரம்" எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி நிர்ணயித்துக்கொள்ள 1-302ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அப்படி நிர்ணயித்த காலம் வெளிப்படையாகவே நியாயமற்றதாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. உங்கள் வாதம் இந்த நிபந்தனையின் மேல்தான் நிற்க வேண்டும். முதுகோரத்து மையைக் கண்டுகொள்ள, அட்டையைத் திறந்து, உட்புறத்தில் மை ஊறிய கறை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்; அறுபது ஆண்டு பழைய தாளை, ஸ்டேபிளைச் சுற்றிக் கிழிந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் திறக்க முடியும். ஓரம் நறுக்கப்பட்டதை அறிய, அதே இதழின் வேறொரு பிரதியைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க வேண்டியிருக்கலாம். கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினால், பதில் வரவே பல வாரங்கள் ஆகும். ஏல நிறுவனத்தாரே நிபுணர்களாக இருந்து எழுதிய ஒரு விவரிப்பைச் சரிபார்க்க வாங்குபவருக்கு இரண்டு வாரம் போதும் என்று எந்த நடுநிலையாளரும் எளிதில் சொல்லமாட்டார் என்பதே என் கருத்து. ஆயினும், நீங்கள் பத்தாண்டு அனுபவமுள்ளவர் என்பதையும், மூன்று ஆண்டுகள் இதழைப் பரிசோதிக்க அனுப்பாமல் வைத்திருந்தீர்கள் என்பதையும் எதிர்த்தரப்பு விடாமல் சுட்டிக்காட்டும். அனுப்பாமல் இருந்ததற்கு உண்மையான காரணம் எதுவோ, அதை இப்போதே தேதிகளோடு எழுதி வையுங்கள்.

காலவரையறை இதைவிட அவசரமானது. 2-725ஆம் பிரிவின்படி வழக்குத் தொடுக்க நான்கு ஆண்டுகள் உண்டு. அது நீங்கள் குறையைக் கண்ட நாளிலிருந்து தொடங்குவதில்லை, இதழ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஆகவே உங்களிடம் இருப்பது ஏறத்தாழ எட்டு மாதங்கள். ஒப்பந்தத்தின் மூலம் இந்தக் காலத்தை ஓராண்டு வரை குறைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது என்பதால், நீங்கள் ஏலம் கேட்ட நாளில் நடைமுறையில் இருந்த விதிமுறைகளின் பிரதியைத் தேடி எடுத்து, அதில் வழக்குக்கென்று தனிக் காலவரம்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்று அவர்கள் தளத்தில் இருக்கும் விதிமுறைகள் உங்களைக் கட்டுப்படுத்துவதாகக் கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் விலைக் குறிப்புகளுக்கு வருகிறேன். உத்தரவாதம் மீறப்பட்டால் இழப்பீடு எவ்வளவு என்பதற்கு 2-714ஆம் பிரிவு தெளிவான கணக்குத் தருகிறது: பொருளை ஏற்றுக்கொண்ட நேரத்திலும் இடத்திலும், சொன்னபடி இருந்திருந்தால் அதற்கு என்ன மதிப்பு, உண்மையில் இருந்த நிலையில் என்ன மதிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே "ஏற்றுக்கொண்ட நேரம்" என்பதுதான் பலர் தவறவிடும் சொல். காமிக்ஸ் சந்தை 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் உச்சத்துக்குப் போய், அதன்பின் பல இதழ்களின் விலை இறங்கியது உங்களுக்கே தெரியும். உதாரணத்துக்கு, இதழ் உங்கள் கைக்கு வந்த மாதத்தில் ரெஸ்டோரேஷன் இல்லாத 6.0 பிரதி 10,500 டாலருக்கும், இதே போன்ற ஊதா லேபிள் பிரதி 4,200 டாலருக்கும் போயிருந்தால், உங்கள் இழப்பு 6,300 டாலர். இன்றைய விலைகள் 7,400, 3,000 என்று இறங்கியிருந்து, நீங்கள் இன்றைய விலையைத் தாக்கல் செய்தால், 4,400 டாலர் என்று உங்கள் இழப்பை நீங்களே குறைத்துக் காட்டியவர் ஆவீர்கள்.

ஆகவே குறிப்பேட்டிலிருந்து, அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் சில மாதங்களுக்குள் நடந்த விற்பனைகளைத் தனியே பிரித்தெடுங்கள். ஒரே ஒரு விற்பனையைச் சந்தை விலை என்று காட்டுவது ஆபத்து. 1938இல் வெளிவந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் 8.5 கிரேடு பிரதி ஒன்று 2021இல் 32.5 லட்சம் டாலருக்கு விற்றது. அதே கிரேடுள்ள வேறொரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்குப் போனது. இதழ் ஒன்று, கிரேடு ஒன்று, இடையில் மூன்றே ஆண்டுகள். விலை கிட்டத்தட்ட இரு மடங்கு. இதைப் பார்க்கும் நடுவர், மூன்று நான்கு விற்பனைகளாவது கேட்பார். ஒவ்வொரு விலையிலும் பையர்ஸ் பிரீமியம் சேர்ந்திருக்கிறதா என்றும் குறியுங்கள். சில ஏலங்கள் பிரீமியம் இல்லாமலே நடக்கின்றன, பெரிய ஏலக்கூடங்கள் வெளியிடும் முடிவு விலையிலோ அது பெரும்பாலும் அடக்கம். 9,000த்தையும் 10,800ஐயும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால், கணக்கு முழுவதன் மேலும் சந்தேகம் வந்துவிடும். நீங்கள் வாங்கியது ஸ்லாப் இல்லாத பிரதி என்பதால், ஸ்லாப் செய்த பிரதிகளின் விலையை அப்படியே எடுத்து வைக்கவும் முடியாது. அவை சற்றே கூடுதலாகப் போகும் என்பதை நீங்களே முன்வந்து சொல்லிக் கழித்துக் காட்டினால், உங்கள் நேர்மை நடுவர் மனதில் பதியும்.

நீங்கள் கையால் எழுதிய குறிப்பேடு மட்டும் சாட்சியமாகப் போதாது. துறையில் உள்ளவர்கள் பொதுவாக நம்பிப் பயன்படுத்தும் விலைத் தொகுப்புகளைச் சாட்சியமாக ஏற்கக் கூட்டரசு சாட்சிய விதிகளின் 803(17) இடம் தருகிறது. பெரும்பாலான மாநிலங்களிலும் இதையொத்த விதி உண்டு. ஆகவே ஏலக்கூடங்களின் பழைய விற்பனைப் பக்கங்களை, படத்தோடும் தேதியோடும், அச்செடுத்து வையுங்கள். குறிப்பேட்டை அவற்றுக்கு வழிகாட்டியாக இணையுங்கள். 1970 முதல் வெளிவரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டின் அந்த ஆண்டுப் பதிப்பையும் சேர்க்கலாம். ஆனால் கையேடு சொல்லும் விலையும் ஏலத்தில் கிடைத்த விலையும் பல நேரம் ஒத்துப்போவதில்லை, ஏல விலைதான் வலுவானது.

இழப்பீடு கேட்பதற்குப் பதிலாக, ஏற்பையே விலக்கிக்கொண்டு முழுத்தொகையையும் திரும்பக் கேட்கும் வழி 2-608இல் இருக்கிறது. கண்டுபிடிக்கக் கடினமான குறையாலோ, விற்றவர் தந்த உறுதியை நம்பியோ பொருளை ஏற்றவருக்கு இது பொருந்தும். சந்தை இறங்கியிருக்கும் காலத்தில் இது உங்களுக்கு லாபமான வழி, ஏனெனில் 10,800 டாலரும் திரும்பக் கிடைக்கும். பணம் வரும்வரை இதழைப் பிணையாக உங்களிடமே வைத்திருக்கும் உரிமையை 2-711 தருகிறது. ஆனால் மூன்று ஆண்டு இடைவெளி இந்தக் கோரிக்கையைத்தான் அதிகம் பாதிக்கும். முதல் கோரிக்கையாக இதையும், மாற்றுக் கோரிக்கையாக 2-714 இழப்பீட்டையும் வையுங்கள். கிரேடிங் கட்டணம், தபால் செலவு ஆகியவற்றை 2-715இன் கீழ் தனியே கேளுங்கள்.

விற்பனைக்கு வைத்தவர் யார் என்று ஏல நிறுவனம் உங்களுக்குச் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். பெயர் சொல்லாத ஒருவருக்காக முகவர் ஒப்பந்தம் செய்தால், பொது விதிப்படி அந்த முகவரும் ஒப்பந்தத்தில் பொறுப்பாளி. ஆகவே நோட்டீஸை நிறுவனத்துக்கே அனுப்பி, விற்றவரின் பெயரையும் அதில் கேளுங்கள்.

கடைசி நிமிடப் போட்டியாளரைப் பற்றிய சந்தேகத்துக்கு 2-328(4) பதில் தருகிறது. விற்பவர் தாமோ தம் ஆள் மூலமோ விலை கேட்க உரிமை வைத்திருப்பதாக முன்கூட்டி அறிவிக்காமல் அப்படிக் கேட்டிருந்தால், நீங்கள் விற்பனையையே ரத்து செய்யலாம், அல்லது அதற்கு முன் நேர்மையாகக் கேட்கப்பட்ட விலைக்கே பொருளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்களிடம் இருப்பது சந்தேகம் மட்டும். ஏலப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை வழக்குத் தொடங்கியபின்தான் வரும். அதுவரை நோட்டீஸில் இந்தக் குற்றச்சாட்டை எழுத வேண்டாம்.

இதழை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர், தொட்ட மையைச் சுரண்டி எடுத்துவிட்டால் ரெஸ்டோரேஷன் இல்லாத பிரதிக்குரிய நீல லேபிள் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஸ்லாபை உடைத்து, நிபுணர் ஒருவரிடம் மையை நீக்கக் கொடுத்துவிட்டார். முதுகில் வெள்ளைத் தடம் விழுந்தது. எந்த நிலையில் இதழ் அவருக்கு வந்தது என்பதை நிரூபிக்கும் ஒரே பொருளும் அதோடு போயிற்று. நிலை கணிசமாக மாறிய பொருளுக்கு 2-608 பரிகாரமும் கிடையாது. அன்பு வைத்துச் சேர்த்த இதழ் கறைபட்டு இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். இருந்தும் ஸ்லாப் அப்படியே இருக்கட்டும். இது நீங்கள் ஏலத்தில் எடுத்த அதே பிரதிதான் என்பதை நிரூபிக்க, பட்டியல் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கடைக்காரர் அட்டையில் குத்திய தேதி முத்திரை, மூலையில் ஒரு மடிப்பு, முதுகில் ஒரு சிறு வெட்டு என்று எது இரண்டிலும் ஒத்திருக்கிறதோ அதை வட்டமிட்டு வையுங்கள்.

விதிமுறைகளில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற ஷரத்து இருக்கலாம். சிறு தொகை வழக்குகளுக்கு விலக்கு தரும் ஷரத்துகளும் உண்டு. டெக்சஸில் 20,000 டாலர் வரையும், கலிபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரையும் சிறுவழக்கு மன்றம் விசாரிக்கும். அங்கே சாட்சிய விதிகள் தளர்வானவை என்பதால் ஊதா லேபிளும் கிரேடரின் குறிப்பும் எளிதில் ஏற்கப்படும். வேறு இடங்களில், காகித நிபுணர் ஒருவரின் பிரமாண வாக்குமூலத்தைத் தயார் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த வாரமே நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். குறையைக் கண்ட தேதி, பட்டியலில் இருந்த வாசகம், ஏற்பை விலக்கிக்கொள்கிறேன் என்ற அறிவிப்பு, தவறினால் இழப்பீடு கோருவேன் என்ற வரி ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நிறுவனம் பேசித் தீர்க்கலாம் என்று பதில் எழுதினால் மகிழ்ச்சியே. ஆனால் பேச்சு நடப்பதால் நான்கு ஆண்டுக் கெடு நின்றுவிடாது. பேசும் காலத்தைக் காலவரையறைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பேச உட்காருங்கள்.