அறுபதுக்கு மேல் வருவதெல்லாம் வயதால் வருவதுதானா?

நீங்கள் கேட்டது: அப்பாவுக்கு 67 வயது, நடை மெதுவாகிவிட்டது, பெயர்கள் மறக்கின்றன, டிவியை அலற விடுகிறார், விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துகொள்கிறார், இதெல்லாம் வயதானால் வருவதுதானா, இல்லை டாக்டரிடம் காட்ட வேண்டுமா. நான் முதியவர்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கிறவள். என் வேலையில் கண்ணால் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

நாலு மணிக்கு எழுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒன்பது மணிக்குப் படுக்கிறவர் நாலுக்கு எழுந்தால் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறார். வயதாக ஆகத் தூக்கம் முன்னால் நகரும், ஆழமும் குறையும். இதற்காகத் தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள், ராத்திரி தடுமாறி விழுகிறவர்கள் பலரிடம் அந்த மாத்திரை இருப்பதைப் பார்க்கிறேன். பெயர் சட்டென்று வராமல் அரை மணி நேரம் கழித்து வருவதும் இயல்புதான். ஆனால் தினமும் போகும் கடைக்கு வழி தடுமாறுவது, மீதிச் சில்லறை எண்ணத் திணறுவது, இப்போது சொன்னதையே பத்து நிமிஷத்தில் மறுபடி சொல்வது, இதெல்லாம் வயதின் கணக்கில் வராது. காட்டியாக வேண்டும். தைராய்டோ வைட்டமின் பி12 குறைவோ காரணமாக இருந்தால் சரிசெய்யவும் முடியும் (சுகருக்கு மெட்பார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம்). நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்றைக்குக் குழம்பிப் பேசினால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைவது, பக்கவாதம், எதுவாகவும் இருக்கலாம்.

டிவி சத்தத்தை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளை, அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல" என்பார்கள், ஆண் குரல் புரியும், பேத்தி பேசுவது புரியாது. நாலு பேர் கூடும் இடத்தில் பேச்சு பிடிபடாமல் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடுவார்கள், வீட்டில் இருப்பவர்களும் கத்திச் சொல்ல அலுத்துப்போய்ப் பேச்சைக் குறைத்துவிடுவார்கள். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-இல், தவிர்க்கவோ சரிசெய்யவோ கூடிய 14 காரணங்களைக் கையாண்டால் உலகில் டிமென்ஷியாவில் (மறதி நோயில்) ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. கேட்கும் திறன் குறைவது அதில் முக்கியமான ஒன்று. கண்ணாடி போடக் கூச்சப்படாத நாம் காது மெஷினுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்? இந்த வாரமே காதைச் சோதித்துவிடுங்கள்.

இப்போது நடைக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது இதுதான். நான் பார்க்கும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "கைகால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும்மா, யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது." ஆனால் அந்தக் காலை வலுவாக வைத்துக்கொள்ள முடியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தசை முப்பதுகளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது, அது உண்மை. அதற்கு மேல் நாம் அன்பினால் கெடுப்பதும் இருக்கிறது. "நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்." தண்ணீர் கைக்கு வரும், தட்டு கைக்கு வரும், தரையில் உட்கார்வது நின்று பல வருஷம் ஆகியிருக்கும், படியேற விடமாட்டோம். ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா, நான் முதலில் பார்க்கப் போனபோது, நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, மூச்சை அடக்கித்தான் எழுந்திருப்பார். உட்காரும்போது பாதி வழியில் பிடி விட்டு தொப்பென்று விழுவார். முட்டிவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், தொடையில் வலு இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. கைப்பிடியைத் தொடாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவதை மட்டுமே முதலில் பழக்கினோம், உயரத்துக்கு ஒரு தலையணையைப் போட்டு, அப்புறம் அதையும் எடுத்துவிட்டு. இப்போது கோயிலில் தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்.

இந்த வயதில் உடற்பயிற்சியா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பாஸ்டனில் நடந்த ஒரு ஆய்வை. 1990-இல் வெளியானது. முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறை ஒட்டிய வயதுள்ள நலிந்த 10 பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களுக்குத் தொடைத் தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் தொண்ணூறிலும் தசை பதில் சொல்லும் என்று காட்டியது.

அப்பாவைச் சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள். அவர் வயது ஆண்களுக்கு 12-க்குக் குறைந்தால் கால் வலுவில் கவனம் வேண்டும். தினமும் நடைப்பயிற்சி போகிறாரே என்பீர்கள், நல்லதுதான், தொடரட்டும், ஆனால் நடை மட்டும் தசையைக் கட்டாது. உலக சுகாதார நிறுவனம் 65-க்கு மேல் வாரம் 150 நிமிஷ நடை மாதிரியான உழைப்போடு, இரண்டு நாளாவது வலுப் பயிற்சியும் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சொல்கிறது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, இது போதும் ஆரம்பிக்க.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி மறுபடி இட்லி என்று பல் தேய்ந்தவர்கள் மென்மையானதற்கே போய்விடுகிறார்கள், தசைக்கு வேண்டிய புரதம் அதில் போதாது. வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது வேண்டும், 60 கிலோ உடம்புக்கு 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. முட்டை, மீன், கெட்டிப் பருப்பு, மசித்த சுண்டல், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். கிட்னி பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. தாகம் குறைவாகத்தான் தெரியும் என்பதால் தண்ணீரையும் நினைவூட்டுங்கள்.

டாக்டரிடம் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிபி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், நின்றதும் இறங்கினால் ராத்திரி பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழுவதற்கு அது ஒரு காரணமாகும். அதுவரை கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள், போகிற வழியில் ஒரு சின்ன லைட் எரியட்டும், பாத்ரூம் வாசலில் நழுவுகிற மிதியடி கிடந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.