சென்னை டிராஃபிக்கில் தினமும் ஓட்ட ஏஎம்டி கியர் உள்ள சின்ன கார் வாங்கலாமா?

கேள்வி சுருக்கமாக: போரூரிலிருந்து கிண்டிக்கு தினமும் போய்வர வேண்டும், வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவோம், மனைவிக்கு கிளட்ச் என்றாலே பயம், எப்போதாவது ஏற்காடு போவோம். ஏழு லட்சத்துக்குள் ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானாகவே கியர் மாறுகிற பெட்ரோல் கார் சரியாக வருமா, குலுங்கும் என்கிறார்களே?

வாங்கலாம். உங்கள் ரூட்டுக்கும் உங்கள் பட்ஜெட்டுக்கும் இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. நானும் வளசரவாக்கத்திலிருந்து அதே ஆற்காடு சாலை வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். சில வருடங்களாக ஓட்டுவது ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் ஏஎம்டியும் உள்ள ஹேட்ச்பேக். எந்த கம்பெனி என்று எழுதவில்லை. எழுதினால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும். நீங்கள் கேட்டது கியர்பாக்ஸைப் பற்றி.

குலுங்கும் என்று சொல்கிறவர்கள் சொல்வது உண்மைதான். ஏன் குலுங்குகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். அதே மாடலின் மேனுவல் காரில் என்ன கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும் இருக்கிறதோ, அதேதான் ஏஎம்டியிலும் இருக்கிறது. அதன் மேல் ஒரு சின்ன கருவித் தொகுதியைப் பொருத்தியிருப்பார்கள். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் அது ஒரு மின்சார பம்ப், அழுத்தத்தில் இருக்கும் ஆயில், அந்த அழுத்தத்தால் கிளட்சையும் கியரையும் தள்ளுகிற பிஸ்டன்கள், எப்போது தள்ளவேண்டும் என்று முடிவெடுக்க ஒரு கம்ப்யூட்டர். காலையில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததுமே பானெட்டுக்குள்ளிருந்து ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். புதிதாக வாங்கியவர்கள் ஏதோ கோளாறு என்று பயப்படுவார்கள். பம்ப் ஆயிலை அழுத்தத்துக்குக் கொண்டுவருகிற சத்தம் அது.

ஆக, கிளட்ச் எங்கும் போய்விடவில்லை. அதை மிதிக்கிற வேலைதான் நம் காலிலிருந்து போய்விட்டது. மேனுவலில் கியர் மாற்றும்போது நாமும் ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்சை மிதித்து, கியர் போட்டு, கிளட்சை விட்டு, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். அந்தக் கணம் வண்டிக்கு இழுவை இருக்காது. நாமே செய்வதால் உடம்பு அதற்குத் தயாராக இருக்கிறது. ஏஎம்டியில் கம்ப்யூட்டர் முடிவெடுப்பதால் நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை, தலை லேசாக முன்னே போய் வருகிறது. ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போதுதான் இது அதிகம் தெரியும்.

இதற்கு வழி எளிது. கியர் மாறப்போகிற நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் மாற்றும் என்று சீக்கிரம் பிடிபட்டுவிடும். காலை அழுத்தியே வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் குலுங்கும். டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச் பிளேட் இல்லாத வழக்கமான ஆட்டோமேட்டிக்) வைத்த பெரிய காரை ஓட்டிப் பழகிவிட்டு இதில் வந்து உட்காருகிறவர்கள்தான் அதிகம் ஏமாற்றம் அடைகிறார்கள். மேனுவல் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று கைக்கு வந்துவிடும்.

இந்தத் தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் சொல்லிவிடுகிறேன். 1989 பிரேசில் கிராண்ட் பிரி பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டி ஜெயித்த ஃபெராரி காரில், கியர் மாற்றுகிற வேலையை மின்னணு கட்டளையும் ஹைட்ராலிக்ஸும் செய்தன. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த துடுப்புகளை விரலால் தட்டினால் போதும். அதற்கு மின்னணு பாகங்கள் கொடுத்த இத்தாலிய நிறுவனம் மாக்னெட்டி மாரெல்லி. இருபத்தைந்து வருடம் கழித்து, 2014 பிப்ரவரி ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி செலேரியோ வந்தபோது அதன் ஏஎம்டி கருவியும் அதே நிறுவனத்தின் தொழில்நுட்பம்தான். பந்தயக் காரில் வேகத்துக்காகச் செய்ததை நம் ஊரில் கால்வலிக்காகப் பயன்படுத்துகிறோம். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

செலேரியோவுக்கு முன்னால் சின்ன காரில் ஆட்டோமேட்டிக் கிடைக்காமல் இல்லை. ஐ10, ஏ-ஸ்டார் இரண்டிலும் நாலு கியர் ஆட்டோமேட்டிக் இருந்தது. விலையும் ஏறும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும், அதனால் சாதாரண குடும்பங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. செலேரியோவில் மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் விலை வித்தியாசம் நாற்பதாயிரத்துக்குள் இருந்தது. அதன் பிறகு ஆல்டோ, நானோ, ஒரகடத்தில் தயாராகிற க்விட், டியாகோ, 2018-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த புதிய சான்ட்ரோ என்று வரிசையாக வந்துவிட்டன. 2022-இல் பலேனோவே சிவிடியை (கியர் படிகளே இல்லாத ஒருவகை ஆட்டோமேட்டிக்) விட்டுவிட்டு ஏஎம்டிக்கு மாறியது. அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன்னால் செஸ்ஸும் சேர்த்து 29. பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள், ஷோரூமில் புதிதாகக் கேளுங்கள்.

மைலேஜ் விஷயத்தில் ஏஎம்டி டார்க் கன்வெர்ட்டரைவிட நல்லது. டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினின் சக்தி ஆயில் வழியாகப் போவதால் கொஞ்சம் வீணாகும். ஏஎம்டியில் அந்த இழப்பே இல்லை, சரியான நேரத்தில் மேல் கியருக்கும் போய்விடும். 2021-இல் வந்த செலேரியோவின் விஎக்ஸ்ஐ வகையைப் பாருங்கள். கம்பெனி சொல்லும் சோதனைக் கணக்கில் மேனுவலுக்கு லிட்டருக்கு 25.24 கிலோமீட்டர், ஏஎம்டிக்கு 26.68. ரோட்டில் அந்த எண் யாருக்கும் வராது. ஏசி போட்டுக்கொண்டு, மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த ரோட்டில் ஊர்ந்து போகும்போது எனக்குப் பதினைந்து, பதினாறு கிடைக்கிறது. திண்டிவனம் தாண்டிச் சீராக ஓட்டினால் இருபதைத் தாண்டிவிடும்.

நெரிசலில் எப்படி ஓட்டுவது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக மெல்ல நகரும். சௌகரியமாக இருக்கும். ஆனால் அப்படி நகரும்போது கிளட்ச் பிளேட் அரைகுறையாகப் பிடித்து உரசிக்கொண்டிருக்கிறது. மேனுவலில் அரை கிளட்சில் வைத்துக்கொண்டே போனால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும் ஆகும். முன்வண்டி ஒரு அடி நகர்ந்தால் நாமும் ஒரு அடி நகர்வது வேண்டாம். ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரே மூச்சில் போய் நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும், நுழைந்துவிட்டுப் போகட்டும். நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றி பிரேக்கில் கால் வையுங்கள். இடது கால் சும்மா இருக்கிறதே என்று அதால் பிரேக் பிடிக்கவே வேண்டாம். கிளட்ச் மிதித்துப் பழகிய கால், பிரேக்கையும் அதே வேகத்தில் மிதித்துவிடும்.

மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கிளட்சை இதைவிட வேகமாகத் தீய்க்கும் பழக்கம் வேறு இல்லை. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் நின்று கிளம்பவேண்டி வந்தால் ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளம்புங்கள், அல்லது ஹில் ஹோல்ட் (சரிவில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துவைக்கும் வசதி) உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்காடு மலைப்பாதையில் லிவரை ‘எம்’ (கியரை நாமே மாற்றும் மேனுவல் நிலை) பக்கம் தள்ளி, வளைவுகளில் இரண்டாவது கியரில் வைத்துக்கொள்ளுங்கள். கியர் தானாக மாறும் ‘டி’யில் விட்டால் வளைவுக்குக் காலை எடுத்ததுமே மேல் கியருக்குப் போய், ஏறவேண்டிய இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்கும். இறங்கும்போதும் ‘எம்’தான், இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்யும்போதும் முதலில் ஒரு கியர் குறைத்துவிட்டு அப்புறம் வெளியே வாருங்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்குவதைத் தவிர்க்கவே முடியாவிட்டால் ‘எம்’மில் முதல் கியர், ஒரே சீரான வேகம். நடுத்தண்ணீரில் கியர் மாறி இழுவை விட்டுப்போகக்கூடாது.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பேட்டரி. பம்பும் கம்ப்யூட்டரும் மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரி பலவீனமானால் முதலில் கியர்தான் முரண்டு பிடிக்கும். எனக்கு ஒருமுறை கியர் விழாமல் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏஎம்டி யூனிட்டையே மாற்றவேண்டும் என்று கலங்கவைக்கிற மாதிரி ஒரு தொகை சொன்னார்கள். வேறொரு மெக்கானிக் பேட்டரியைச் சோதித்து, அதை மாற்றினார், அத்தோடு சரியாகிவிட்டது. அதனால் கியர் பிரச்சினை என்று யார் சொன்னாலும் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி செத்துப்போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. கிளட்ச் பிளேட் மாற்றினால் அதன் பிறகு ஸ்கேனர் போட்டு கம்ப்யூட்டருக்குப் புது கிளட்சைப் பழக்கவேண்டும், அந்தக் கருவி உள்ள இடத்தில் மட்டும் வேலை கொடுங்கள். பெரும்பாலான மாடல்களில் ‘பி’ என்ற பார்க்கிங் நிலை கிடையாது, எனவே ஹேண்ட் பிரேக்கை எப்போதும் முழுதாக இழுத்துவிட்டு இறங்குங்கள்.

வீட்டிலேயே சார்ஜ் போட இடமும், இன்னும் கொஞ்சம் பணமும் இருந்தால் சின்ன எலக்ட்ரிக் காரையும் ஓட்டிப் பாருங்கள், அதில் மாற்ற கியரே இல்லை. நான் இருப்பது வாடகை வீடு, பிளக் பாயிண்ட் கேட்டுச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

உங்கள் மனைவியின் பயத்தைப் பற்றி. சிக்னல் பச்சையானதும் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் நாலு பக்கமும் ஹாரன் அடிக்கும்போது வருகிற பயம் எனக்கு நன்றாகத் தெரியும். லைசன்ஸ் வாங்கிவிட்டு அந்த ஒரு காரணத்தாலேயே ஓட்டாமல் விட்ட பெண்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஏஎம்டி வந்தபிறகு அவர்களில் சிலர் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மார்க்கெட்டுக்கும் போய் வருகிறார்கள். இடது முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்ட என் அப்பா, இனி ஓட்டவே முடியாது என்றிருந்தவர், டாக்டர் சம்மதித்த பிறகு இந்தக் காரில்தான் மறுபடி உட்கார்ந்தார். குலுக்கலையும் மைலேஜையும் தாண்டி நான் இந்த வண்டியைச் சிபாரிசு செய்வதற்கு அதுதான் காரணம்.

டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலையில் வைக்காதீர்கள். வேலை நாளில் மாலை ஆறரைக்குக் கேளுங்கள், மறுத்தால் வேறு ஷோரூம் பாருங்கள். ஏதாவது ஒரு சரிவில் நிறுத்தி முன்னாலும் ரிவர்ஸிலும் கிளப்பிப் பாருங்கள். பாதி வழியில் உங்கள் மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்சீட்டுக்குப் போங்கள், ஓட்டுகிறவரைவிடப் பின்னால் இருப்பவருக்குத்தான் அந்தக் குலுக்கல் அதிகம் தெரியும்.