ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஆடு வளர்ப்பவர் பெரிய பண்ணையாராமே, நம் ஊரில் மட்டும் ஏன் ‘ஆடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று திட்டுகிறோம்?

கேட்டவர் யூடியூபில் பச்சைப் புல்வெளி, பைக்கில் நாயோடு போகும் வெள்ளைக்காரர் எல்லாம் பார்த்துவிட்டு, வேலையை விட்டு ஆட்டுப் பண்ணை வைக்கலாமா என்ற யோசனையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் சிவகங்கைப் பக்கம், கிடை ஆட்டுக் குடும்பம். அப்பா கீதாரி, அதாவது ஊர் ஊராக மந்தை ஓட்டிப் போகிற ஆட்டுக்காரர்களுக்குத் தலைவர். பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

முதலில் அந்த நாட்டுக் கதை. நியூசிலாந்தில் 1982-ல் ஏழு கோடி செம்மறி ஆடு இருந்தது. தலைக்கு இருபதுக்கு மேல். 1984-ல் அரசு மானியத்தை வெட்டியது, அப்புறம் கம்பளி விலையும் படுத்தது, பாலில் காசு என்று பலர் மாட்டுக்கு மாறினார்கள். இப்போது மூன்று கோடிகூட இல்லை. முரட்டு ரோமத்தை விற்றால் கத்தரிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று பல வருஷம் புலம்பினார்கள். ஆனால் அங்கே ஆடு மேய்கிற புல் ஆட்டுக்காரருடையது. சொந்த நிலம், இல்லையென்றால் முறையான குத்தகை. ஆடு கைவிட்டால் மாடு வாங்கலாம், பைன் மரம் நடலாம், நிலத்தைக் காட்டிக் கடன் கேட்கலாம். எங்களுக்கு ஆடு மட்டும்தான் சொந்தம், புல் ஊரார் வீட்டுது. மதிப்பு ஆட்டுக்கு இல்லைங்க, நிலத்துக்கு.

சம்பா அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவோம். பகலில் அறுத்த வயலில் மேய்ச்சல், ராத்திரி யாராவது ஒருவர் வயலில் வலை கட்டி ஆட்டை அடைப்போம், அதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் அவர் மண்ணுக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று காசு எங்களுக்கு. முன்பு நெல்லாகவே அளப்பார்கள். ஆட்டுக்காரன் பயிரை மேய விட்டுவிடுவான் என்று யாராவது வருவீர்கள், தெரியும். அப்படிச் செய்கிறவனும் இருக்கிறான். எங்கள் அப்பா பயிர் ஓரத்தில் தானே நடந்து போவார், ஆட்டை நடக்க விட மாட்டார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஐப்பசி மழையோடு நீலநாக்கு வந்தது. கொசு மாதிரி ஒரு குட்டிப் பூச்சி பரப்புகிற நோய். உதடு வீங்கி, மூக்கு அடைத்து, வாய்க்குள் எல்லாம் புண். பசி இருக்கும், ஆனால் மெல்ல முடியாது. பெர்மாங்கனேட் தண்ணீரில் வாயைக் கழுவி, கிளிசரின் தடவி, கேழ்வரகுக் கூழை விரலில் வழித்து அப்பா உள்ளே தள்ளுவார். தாடையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. காய்ச்சல் உள்ளங்கையில் சுடும். எழ முடியாததை அம்மா வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்துவார், விட்டால் மடங்கிவிடும். மந்தையில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் சார் வழக்கமான வசனத்தைச் சொன்னார்: “படிக்கலைன்னா ஆடு மேய்க்கத்தான் போகணும்.” நான் எழுந்து, “அதுக்கு ஆடு இருக்கணும்ல சார்” என்றேன். பிரம்படி.

ஆசிரியர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், என் மனைவியே ஆசிரியைதான்.

பண்ணை வைக்கிறேன் என்றால் கொட்டகைக்குக் காசு போடும் முன் தீவனத்துக்கு வழி பாருங்கள். மேய்ச்சல் புறம்போக்கெல்லாம் கட்டடமாகவும் பிளாட்டாகவும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் கோடையில் ஆட்டைக் காப்பாற்றுவது சீமைக்கருவேல நெற்றுதான். அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அதையும் வெட்டிவிட்டு வேறு எதுவும் வைக்காவிட்டால் ஆடு எதைத் தின்னும் என்று மட்டும் கேட்கிறேன். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி என்கிற நோய்களுக்குக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி. மந்தை சித்தப்பா மகன் கையில். மன்னார்குடிப் பக்கம் இரண்டு பேர் அடுத்த கோடைக்கு இப்போதே அவனுக்கு ஜிபேயில் அட்வான்ஸ் போட்டிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும், “மாப்பிள்ளை வேறு ஏதாவது வேலைக்கு முயற்சி பண்றாரா?” என்கிறார்கள்.